வைப்பாற்று மணலுக்கு ஒரு பம்பு

கிருபாபாயிடம் "முடியாது" என்று சொன்னவர்கள் தூத்துக்குடியில் உண்டு. அதை இரண்டாம் தடவை சொன்னவர்களைத்தான் தேட வேண்டும். ஆஸ்பத்திரிக் கமிட்டிச் செயலாளர் ஞானையா ஒருத்தர் மட்டும் விதிவிலக்கு. மனுஷன் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருப்பார்.

1946, ஆனி மாதக் கடைசி. யுத்தம் முடிந்ததும் பெரிய டாக்டரம்மா தன் சீமைக்குக் கப்பலேறிவிட்டார். போகும்போது தன்னுடைய பழைய மோட்டார் காரைப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு விட்டுப் போனார். இருபது வருஷத்துப் பழைய அமெரிக்க வண்டி. துணிக் கூரை, மர ஆரக்கால் வைத்த சக்கரம், பித்தளை விளக்கு. அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் மருத்துவச்சி கிருபாபாய். டாக்டரம்மாவே உப்பளத்துப் பொட்டலில் உட்கார்த்தி வைத்துக் கற்றுக்கொடுத்து லைசென்சும் வாங்கித் தந்திருந்தார்.

"அந்த ஓட்டை வண்டிய வித்திரலாம்னு கமிட்டில பேசியிருக்கோம்மா. அச்சும் சக்கரமும் வேணும்னு ஆள் வந்திருக்கு" என்றார் ஞானையா.

"வித்துட்டு நான் எதுல போக?"

"மாட்டு வண்டி இல்லையா? உங்களுக்கு முன்னால இருந்த நர்சம்மா எல்லாரும் அதுலதான போனாங்க. பொம்பளைக்கு எதுக்கு மோட்டாரு? போன மாசம் அந்த மோட்டாருதான உங்கள நட்டாத்துல விட்டுச்சு?"

கிருபாபாய்க்குச் சுருக்கென்றது. நாற்பத்திரண்டு வயது அவளுக்கு. நாசரேத்தில் பிறந்து, கல்யாணமான இரண்டாம் வருஷமே காலராவில் புருஷனைப் பறிகொடுத்து, "இனி அழுது என்ன ஆகப்போகிறது" என்று பாளையங்கோட்டைக்குப் போய்ப் பிரசவம் பார்க்கப் படித்தவள். இந்தக் கரையில் அவள் கையில் விழுந்த பிள்ளைகளுக்கு அவளே கணக்கு வைத்துக்கொண்டதில்லை. கைவிட்டுப் போனவர்களை மட்டும் மறக்க மாட்டாள். போன மாதம் போனவள் அமலோற்பவம்.

அவள் இருந்தது வைப்பாற்றுக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்தில். கோடையில் ஆற்றில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆனால் படுகை முழுக்கப் பொதபொதவென்று மணல். வண்டி மணலில் இறங்கியது, பாதி தூரம் முக்கி முனகிப் போனது, அப்படியே நின்றுவிட்டது. கிருபாபாய் இறங்கி நடந்து, ஒரு மாட்டு வண்டியைத் தேடிப் பிடித்து, குடிசை வாசலில் போய் நின்றபோது பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

"அய்யா, அந்த மோட்டாரு ஒரு மணி நேரத்துல என்னைய ஆத்துல கொண்டு நிறுத்திச்சு. மிச்சம் கெடந்தது மூணே மைலு. அதுக்கு ஒங்க மாட்டத் தேடிப் பிடிச்சுப் போக ரெண்டரை மணி நேரம் ஆச்சு. வண்டி மேல குத்தமில்ல. அதுக்கு மணல்ல பெட்ரோல் ஏறல. அத நான் சரி பண்ணுதேன்."

"எப்படி?"

"அது என் பாடு."

கடைசியில் கமிட்டி ஒரு தீர்மானம் எழுதியது. ஆடி மாதம் கடைசிச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கமிட்டியார் மூவரையும் ஏற்றிக்கொண்டு வண்டி வைப்பாற்றைக் கடந்து திரும்பி வரவேண்டும். ஓர் இடத்தில் நின்றாலும், ஒரு கை பிடித்துத் தள்ளினாலும், வண்டி விற்கப்படும். ஞானையா கையெழுத்துப் போட்டுவிட்டு மையை ஊதிக் காயவைத்தார். கிருபாபாய்க்கு அந்த ஊதலே பற்றிக்கொண்டு வந்தது.

மணலில் வண்டி ஏன் நிற்கிறது என்பதை அவள் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அந்தக் காலத்து வண்டிக்குப் பம்பு கிடையாது. இன்ஜின் மூச்சை இழுக்கிற இழுப்பிலேயே பின்னாலிருக்கும் பெரிய டாங்கியிலிருந்து பெட்ரோல் ஒரு சின்னத் தகர டாங்கிக்கு ஏறும். அங்கிருந்து தன் பாட்டுக்குக் கார்புரேட்டருக்குச் சொட்டும். சமதரையில் எல்லாம் சொகுசு. ஆனால் மணலில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் அந்த இழுப்பு செத்துவிடும். சின்ன டாங்கி காலியாகும். எப்போது பெட்ரோல் அதிகம் வேண்டுமோ அப்போதுதான் வராது! இதை எவன் கண்டுபிடித்தானோ, அவன் வைப்பாற்றைப் பார்த்திருக்க மாட்டான்.

ஆகவே மின்சாரப் பம்பு. பேட்டரியில் ஓடுவது. இன்ஜின் எப்படி மூச்சு வாங்கினாலும் அதற்குக் கவலையில்லை.

யுத்தத்தில் மிச்சப்பட்ட மிலிட்டரிச் சாமான்களை மொத்தமாக ஏலம் எடுத்துக் குவித்து வைத்திருந்தார் மந்திரமூர்த்தி. காட்டன் ரோட்டுக்குப் பின்னால் அவருடைய கிட்டங்கி. கிருபாபாய் இனிகோவையும் கூட்டிக்கொண்டு போனாள். இனிகோ துறைமுகத்து லாஞ்சுக்கு இன்ஜின் டிரைவர். வெளியே நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தோணிகளை இழுத்துக்கொண்டு போகிற லாஞ்சு. அவனுடைய நான்கு பிள்ளைகளும் கிருபாபாய் கையில் பிறந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு வந்திருந்தான்.

காரின் பேட்டரிக்கு ஏற்றதாக, ஆறு வோல்ட்டில் ஓடுகிற பம்பு இரண்டுதான் தேறியது. ஒன்று தேங்காய்ப் பருமன். இன்னொன்று எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது.

"பெருச எடுங்க நர்சம்மா. மிலிட்டரி லாரில இருந்தது. மலை ஏறும்" என்றார் மந்திரமூர்த்தி.

"அண்ணாச்சி சொல்லுதது சரிதான். சின்னது பொம்மை மாதிரி இருக்கு" என்றான் இனிகோ.

"ஒங்க ரெண்டு பேரையும் யாரு கேட்டா? அண்ணாச்சி, மொதல்ல அந்தச் சுருட்ட அணைச்சுட்டுத் தெருவுக்குப் போங்க. பெட்ரோல் வச்சிருக்கேன்."

மந்திரமூர்த்தி சொந்தக் கிட்டங்கியிலிருந்தே விரட்டப்பட்டுச் சுருட்டோடு தெருவில் நின்றார். கிருபாபாய் முற்றத்தில் ஓர் ஏணியைச் சாத்தச் சொன்னாள். பம்பின் வாயில் நீள ரப்பர் குழாயை மாட்டி, நுனியை இனிகோ கையில் கொடுத்து ஏறச் சொன்னாள். குழாயை உயர்த்த உயர்த்த எந்த உயரத்தில் பெட்ரோல் கொட்டுவது நிற்கிறதோ, அதுதான் பம்பின் தெம்பு. பெரிய பம்பைப் போட்டதும் அது கடகடவென்று இரைந்தது. இனிகோ ஏணியின் உச்சிப் படியில் நின்று கையைத் தூக்கிப் பிடித்தும் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டு வந்து அவன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை நனைத்தது.

"மாதாவே! என்னா வேகம்! இதான் நர்சம்மா, இதான்!"

சின்னது டக், டக் என்று நிதானமாகத் தட்டியது. கிருபாபாயின் தோள் உயரத்தில் பெட்ரோல் நின்றுவிட்டது.

"இதான்" என்றாள் கிருபாபாய்.

இனிகோவுக்கு மயக்கமே வந்துவிட்டது. "எது? இதா?"

"ஏலே, யோசிச்சுப் பாரு. அந்தக் கார்புரேட்டருக்கு இத்தனை வருசமும் ரெண்டடி ஒசரத்துல இருந்து சும்மா சொட்டித்தான் பழக்கம். அதுக்குள்ள ஒரு மிதவை, ஒரு ஊசி. தொட்டி நெறஞ்சா ஊசி வழிய அடைக்கும். ஒன் லாரிப் பம்பு அடிச்ச அடில ஊசி அடைக்குமா? பொங்கி வழிஞ்சு, சூட்டு இன்ஜின் மேல கொட்டி, என்னையும் சேத்து எரிச்சிரும். பச்சப் பிள்ளைக்குப் பாலாடைல புகட்டணும், குடத்தக் கவுக்கப்படாது."

மந்திரமூர்த்தி தெருவிலிருந்தே, "அப்போ பெருச யாருதான் வாங்குவா?" என்று புலம்பினார். அது அவர் கவலை.

மாட்டுகிற வேலையிலும் சண்டைதான். லாஞ்சில் எல்லாம் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே இருக்கும், கைக்கு எட்டும் என்றான் இனிகோ. ஆடி வெயிலில் இன்ஜின் பக்கத்தில் வைத்தால் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும், பின்னால் டாங்கிக்கு அடியில் வை என்றாள் அவள். அவள் சொன்ன இடத்தில்தான் வைத்தான். தகர டாங்கியைக் கழற்றிவிட்டுச் செப்புக் குழாயை நேராகக் கார்புரேட்டருக்கு இழுத்தார்கள். ஊசி சற்று முன்னதாகவே அடைக்கும்படி மிதவையின் நாக்கை அவள் ஓர் அரிசி கனத்துக்கு வளைத்தாள். குழாய் இணைகிற இடத்தை எல்லாம் அடைக்கிற வேலையை இனிகோ தானே செய்வதாகச் சொன்னான். அதில் தலையிட அவளுக்கும் தோன்றவில்லை. தண்ணீர் புகாமல் கடலில் லாஞ்சு ஓட்டுகிறவனுக்கு ஒழுகல் அடைக்கத் தெரியாதா?

சுவிட்சைப் போட்டாள். டக், டக், டக் என்று தட்டிவிட்டுப் பம்பு ஓய்ந்தது. கார்புரேட்டரின் தொட்டி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். வண்டி ஒரே சுற்றில் கிளம்பியது. கடற்கரை மணலில் வேண்டுமென்றே இறக்கி, முழுக்க மிதித்துப் பார்த்தாள். சிங்கம்போலப் போனது. கிருபாபாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று வாய்விட்டே கத்தினாள்.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்தான். புதன்கிழமை, பிள்ளை பெற்றிருந்த ஒருத்தியைப் பார்க்க மாப்பிள்ளையூரணிக்குப் போனவள், நடுச்சந்தையில் நின்றுவிட்டாள். வண்டி இருமியது, குலுங்கியது, செத்தது. சந்தைக்கூட்டம் முழுக்க வேடிக்கை பார்த்தது. கடைசியில் கருவாடு ஏற்றி வந்த மாட்டு வண்டிக்காரர் ஒருத்தர் கயிறு கட்டி இழுத்து வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஞானையா நின்றார். மாட்டைப் பார்த்தார், காரைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மத்தியானம் இனிகோ ஓடி வந்தபோது அவள் வண்டிக்கு அடியில் கிடந்தாள். கர்ப்பிணியின் வயிற்றில் வைத்துப் பிள்ளையின் நாடித்துடிப்பைக் கேட்கிற மரக்குழலைப் பம்பில் வைத்துக் காதைக் கொடுத்திருந்தாள்.

"ஏலே, சுவிட்சப் போடு."

போட்டான். இரண்டு தட்டு. அப்புறம் மௌனம்.

"பம்புக்கு உயிர் இருக்கு. தட்டிட்டு ஓய்ஞ்சிட்டுன்னா தொட்டி நெறஞ்சிருக்கு. அப்போ பெட்ரோல் தொட்டி வரைக்கும் வருது. அதுக்கு அப்புறந்தான் எங்கனயோ அடைப்பு." வெளியே வந்து கார்புரேட்டரைத் திறந்து, பெட்ரோல் பீச்சுகிற ஜெட்டைக் கழற்றினாள். ஊசி முனை அளவுத் துவாரத்தில் பழுப்பாக ஏதோ பிசின் அப்பியிருந்தது. மூக்கில் வைத்து முகர்ந்தாள். முகர்ந்ததும் அவளுடைய முகம் மாறிவிட்டது.

"இனிகோ, குழாய எதவச்சு அடைச்ச?"

"குங்கிலியமும் நல்லெண்ணெயும் காச்சித்தான். நம்ம தோணிக்குப் பூசுவோம்லா, அதேதான். பத்து வருசம் கடல்ல கெடந்தாலும் ஒரு சொட்டு ஒழுகாது நர்சம்மா!" என்றான் இனிகோ பெருமையாக.

"கடல்ல ஒழுகாதுலே! இது கடலா? பெட்ரோலுல குங்கிலியம் கரையுமா கரையாதா?"

இந்தக் கரையில் தோணி ஒழுகினாலும் தொட்டி ஒழுகினாலும் குங்கிலியம்தான். அப்பன், பாட்டன் எல்லாரும் அப்படித்தான் அடைத்தார்கள். அவர்கள் யாரும் பெட்ரோலை அடைத்ததில்லை, அவ்வளவுதான்.

"நான் ஒங்களக் கெடுத்துட்டேன் நர்சம்மா" என்றான். கண் கலங்கிவிட்டது.

"கெடுத்தவன்தான் சரி பண்ணணும். அழுறதுக்கு இப்போ நேரமில்ல. போயி குசினில துணி தொவைக்க வச்சிருக்க பார்சோப்ப எடுத்துட்டு வா."

"சோப்பா?"

"சோப்பு தண்ணில கரையும். பெட்ரோலுல கரையாது. ஒன் குங்கிலியத்துக்கு நேர் எதிரு."

இரண்டு பேருமாகக் குழாய் முழுவதையும் கழற்றிக் கழுவினார்கள். இணைப்புக்கு இணைப்பு சோப்பை இழைத்துத் திணித்து முறுக்கினார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை பெட்ரோலை உள்ளேயே விட்டு வைத்து, ஜெட்டைத் திரும்பக் கழற்றிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பரீட்சை. ஆறரை மணிக்கு அய்யாக்குட்டி என்ற உப்பளத்துக் கூலிக்காரன் சைக்கிளைப் போட்டுவிட்டு வாசலில் விழுந்தான். வைப்பாற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருட்டோடு கிளம்பி மிதித்து வந்திருந்தான். மூச்சு இரைத்ததில் பேச்சு வரவில்லை.

"என் பெஞ்சாதிக்கு... நேத்துல இருந்து வலி. பிள்ளைக்குக் காலு மொதல்ல வருதாம். அங்கன உள்ள கெழவி கைய விரிச்சிட்டா. நர்சம்மா, நீங்கதான்..."

கிருபாபாய் பையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். ஆஸ்பத்திரிக் கேட்டு பூட்டியிருந்தது. சாவி பக்கத்து வீட்டு ஞானையாவிடம். அவர் மேல்துண்டைப் போர்த்திக்கொண்டு, காப்பிகூடக் குடிக்காத முகத்தோடு பக்கச் சுவரின் சின்னக் கதவு வழியாக வந்து கேட்டுக்கு உள்பக்கமாக நின்றார்.

"எட்டு மணிக்குத்தான் பரீட்சை. மூணு மெம்பரும் இல்லாம வண்டி வெளிய போகப்படாது. தீர்மானம் அப்படித்தான் இருக்கு."

"அங்க ஒருத்தி சாவக் கெடக்கா."

"மாட்டு வண்டிக்குச் சொல்லி அனுப்புதேன்."

இதற்குமேல் பொறுக்கிறவள் கிருபாபாய் இல்லை. சுவிட்சைப் போட்டாள். டக், டக், டக். இன்ஜின் உறுமியது. வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு வந்து, முன் விளக்கு ஞானையாவின் வேட்டியை உரசுகிற தூரத்தில் நிறுத்தினாள்.

"அய்யா, கேட்டத் திறக்கேளா, இல்ல கேட்டோட சேந்து போவோமா? இன்னொரு அமலோற்பவத்த என்னால குழிக்குள்ள வைக்க முடியாது. ஒங்களுக்குத் தீர்மானந்தான பெருசு? ஏறுங்க. கூட வந்து நின்னு பாருங்க."

ஞானையா கேட்டைத் திறந்தார். பயத்தில் திறந்தாரா, வெட்கத்தில் திறந்தாரா, யாருக்குத் தெரியும். திறந்தவர், வண்டியிலும் ஏறிக்கொண்டார்.

மாப்பிள்ளையூரணி போனது, தருவைகுளம் போனது. பின்சீட்டில் அய்யாக்குட்டி சாமிகளை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தான். வைப்பாற்றுக் கரையில் அவள் ஒரு நொடி நிறுத்தினாள். அகலமாக, வெள்ளை வெளேரென்று கிடந்தது படுகை. ஆடிக் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. அமலோற்பவத்துக்காக வந்தபோது வண்டி நின்ற இடம் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது.

கீழ் கியரைப் போட்டு இறக்கினாள். பாதத்தை மிதிகட்டையோடு சேர்த்து அழுத்தினாள். சக்கரம் புதைந்தது, சறுக்கியது, மணலை வாரிப் பின்னால் கொட்டியது. இன்ஜின் ஓலமிட்டது. பாதிப் படுகையில் ஓலம் சற்றே இறங்கியது. ஞானையா கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நிக்கப் போகுது, நிக்கப் போகுது" என்றார்.

"வாயை மூடுங்க அய்யா! எனக்குப் பம்புச் சத்தம் கேக்கணும்!"

ஞானையாவிடம் அப்படி ஓர் அலறலை யாரும் அதுவரை போட்டதில்லை. வாயை மூடிக்கொண்டார். பின்னால் டக் டக் டக் என்று விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. இருக்கிறது, பெட்ரோல் வருகிறது. அவள் காலை எடுக்கவில்லை. வண்டி முக்கி முனகி, ஒரு தூக்குத் தூக்கி, எதிர்க்கரையில் ஏறியது.

குடிசையில் ஒரு மணி நேரம் ஆனது. முதலில் கால், அப்புறம் இடுப்பு, அப்புறம் ஒவ்வொரு கையாக, கடைசியில் தலை. பிறந்தது பெண். நீலம் பாரித்துக் கிடந்ததைக் கிருபாபாய் முதுகைத் தேய்த்து, வாயில் ஊதி, அதட்டி அழவைத்தாள். வெளியே பதநீர்ப் பட்டையோடு உட்கார்ந்திருந்த ஞானையாவுக்கும் அந்த அழுகை கேட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்புகிற வழியில் வண்டி எங்கும் நிற்கவில்லை.

மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். திங்கட்கிழமை கமிட்டி கூடியபோது, ஞானையா தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"வண்டி ஓடிச்சு. இல்லன்னு நான் சொல்லல. அந்தப் பிள்ளை பொழச்சது கர்த்தருடைய கிருபை. ஆனா மூணு மெம்பரும் வண்டில இல்ல. எட்டு மணிக்கும் கெளம்பல. அதனால அது பரீட்சைல சேராது. அடுத்த மாசம் இன்னொரு தேதி போடுவோம். அது வரைக்கும் வண்டி உள்ள நிக்கட்டும். வண்டிச் சாவியக் கமிட்டிட்ட ஒப்படைச்சிருங்கம்மா. பரீட்சை தப்பினா, வாங்குத ஆளு வந்து எடுத்துக்கிடுவாரு."

மற்ற இரண்டு பேரும் மேஜையைப் பார்த்தார்கள். கிருபாபாய் எழுந்து நின்றாள்.

"இன்னொரு பரீட்சை கெடையாது. சாவியும் கெடையாது. வாங்குத ஆள வரச் சொல்லுங்க. நான் ஆஸ்பத்திரில இருக்கும்போது வந்தா, என்னையத் தாண்டித்தான் வண்டியத் தொடணும்."

"நீங்க இல்லாத நேரத்துல வந்தா?" என்றார் ஞானையா.

"தாராளமா வரட்டும். நான் இல்லாத நேரம் வண்டியும் இருக்காது."